கலையை ஆதரிக்கிறேன் என்று வாங்கினேன். இப்போது கார்டில் 3 லட்சம் நிலுவை

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

தாம்பரத்தை அடுத்த ஒரு குடியிருப்பிலிருந்து 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் சிறுதொழில் செய்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பரதநாட்டியம் கற்கிறாள். மால், பிராண்டட் கைப்பை, வருடத்துக்கொரு புது போன் எதிலும் தனக்கு நாட்டமில்லை. வாங்குவதெல்லாம் நம் ஊர்க் கைவினைஞர்கள் செய்தவை மட்டுமே என்கிறார். நான்கு ஆண்டுகளில் 43 கைத்தறிப் பட்டு, பருத்திச் சேலைகள், பத்தமடைப் பாய்கள், செட்டிநாட்டுக் கொட்டான்கள் (ஓலைக் கூடைகள்), இரண்டு தஞ்சாவூர் ஓவியங்கள். பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் லைவ் விற்பனையில் எடுத்தவை. பார்சல்கள் அலுவலக முகவரிக்கு வருகின்றன. 14 சேலைகளை இன்னும் பிரித்து உடுத்தவே இல்லை.

இரண்டு கிரெடிட் கார்டுகளிலும் சேர்த்து நிலுவை ரூ. 3,12,000. கணவருக்குத் தெரிந்தது 1 லட்சம்தான். மாதாமாதம் மினிமம் தொகையாக ரூ. 15,600 தவறாமல் கட்டுவதால் வங்கிப் பக்கம் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார். 12 பவுன் நகை இருக்கிறது. அதை அடகு வைப்பது கேவலம் என்று தோன்றுகிறது. மூன்றரை மாதத்துக்கு முன் கார்டில் ரூ. 18,500 கொடுத்து ஓர் இணையப் பக்கத்தில் வாங்கிய 20-க்கு 16 அங்குல வெண்ணெய்க் கிருஷ்ணர் ஓவியம் இப்போது ஓரமெல்லாம் கறுத்து, கற்களைச் சுற்றிப் பச்சை படிந்திருக்கிறது. "22 காரட் தங்க ரேக்கு" (தங்கத்தாள்) என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்த விற்பனையாளர் இப்போது, "ரிட்டர்ன் கிடையாது, பார்சல் பிரித்த வீடியோவும் நீங்கள் எடுக்கவில்லை" என்கிறார்.

பணம் திரும்பக் கிடைக்குமா? கணவர் சொல்வதுபோல் இருப்பதையெல்லாம் விற்றுவிட வேண்டுமா? கலையை ஆதரிப்பது தவறா? தை மாதம் மகளின் சலங்கை பூஜைக்குப் புதுப் பட்டு எடுக்கலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஓவியத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடனைக் கடைசிப் பத்தியில் நான்கு வரியில் முடித்திருக்கிறீர்கள். ஓவியத்தில் போனது 18,500. கார்டு வட்டியாகவும் அதன் மேல் வரியாகவும் மாதாமாதம் போய்க்கொண்டிருப்பது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஆனாலும் ஓவியத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது.

கறுத்துப்போன ஓவியம்

தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசி, கோடு போட்டு, மக்கு என்னும் பசைக் கலவை வைத்து மேடுபடுத்தி, கல் பதித்து, அதன்பின்தான் ரேக்கு ஒட்டுவார்கள். வண்ணம் கடைசி. ஒட்டியது நல்ல தங்க ரேக்கு என்றால் மூன்று மாதத்தில் கறுக்காது; பல தலைமுறைக்கு முந்தைய படங்கள் இன்றும் மின்னுவது அதனால்தான். செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்குதான் காற்றின் ஈரம் பட்டதும் கறுக்கும். செம்பு இருக்குமிடத்தில் பச்சை படியும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இரண்டும் அதற்கே பொருந்துகின்றன. ஆனாலும் உங்கள் சந்தேகம் சாட்சியமாகாது, பரிசோதனை வேண்டும்.

நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையிடும் மையங்களில் எக்ஸ்-கதிர் கருவி இருக்கிறது. படத்தைச் சுரண்டாமலே பார்க்கலாம். ஒரு விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள்: ரேக்கு மிக மெல்லியது, அடியிலுள்ள மக்கையும் கருவி சேர்த்துப் படிக்கும். ஆகவே "இத்தனை காரட்" என்று அது காட்டும் எண்ணை நம்பி வாதாட முடியாது. தங்கம் இருக்கிறதா, வெறும் செம்பும் துத்தநாகமுமா என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். உங்களுக்கு அதுவே போதும். அதுவரை எலுமிச்சை, புளி, பற்பசை என்று எதையும் வைத்துத் துடைத்துவிடாதீர்கள். கறுப்புப் போனால் உங்கள் வழக்கும் அதோடு போகும்.

"ரிட்டர்ன் இல்லை" என்று பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால் அதுவே சட்டமாகிவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது. அதனால் கதவு அடைபடவில்லை. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது அதே சட்டத்தில் தனியாக ஒரு முறையற்ற வணிகம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. பார்சல் பிரிக்கும் வீடியோ எந்தச் சட்டத்திலும் நிபந்தனை கிடையாது. வழியில் கண்ணாடி உடைந்தது போன்ற புகாருக்கு அது உதவும், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துக் கறுக்கப்போகும் ரேக்கு, பார்சல் பிரித்த அன்று எடுத்த வீடியோவில் எப்படித் தெரியும்?

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் வேலை, இன்றே உங்கள் கார்டு வங்கிக்கு எழுத்தில் தகராறு மனு கொடுப்பது: "விவரித்தபடி பொருள் இல்லை" என்று காரணம் காட்டி, வாட்ஸ்அப் உரையாடலையும் படத்தின் புகைப்படங்களையும் இணையுங்கள். இதற்குக் கால வரம்பு உண்டு. மூன்றரை மாதம் என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். மனு நிலுவையில் இருக்கும்போது மற்ற தொகையைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து சாட்சியம். லைவ் வீடியோ மறைந்துவிடும், பக்கத்தின் பெயரே ஒரு நாள் மாறிவிடும். பக்கத்தின் முகவரி, விற்றவர் பெயர், பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் பெயர், கூரியர் ரசீதில் அனுப்பியவர் முகவரி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அந்த உரையாடல் இருக்கும் போனை ஆறு மாதத்துக்கு மாற்றாமல் இருந்தால் நல்லது, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பக் கூடாது. பிறகு விற்பனையாளருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு பக்கக் கடிதம்: வாங்கிய தேதி, சொன்னது என்ன, வந்தது என்ன, 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கணிசமான புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது செங்கல்பட்டிலேயே, வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பொருளைச் சோதித்துப் பார்க்காமல் குறை தெரியாது என்றால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்வார்கள். கால வரம்பு 2 ஆண்டு. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது விலை, வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு மிதமான தொகை, வழக்குச் செலவு. லட்சங்களை எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். அந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டு "திருடர்கள்" என்று எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்களே, அது உங்கள் மேல் அவதூறு வழக்காகத் திரும்பும். இன்ன தேதியில் வாங்கினேன், இன்ன விலை, இப்படிக் கறுத்திருக்கிறது, திரும்பப் பெற மறுக்கிறார்கள் என்று நடந்ததை மட்டும் எழுதினால் அந்த ஆபத்து மிகக் குறைவு. படத்தை வரைந்தவரைத் திட்டவும் அவசரப்பட வேண்டாம். போலி ரேக்கு ஒட்டச் சொன்னது இடையில் வாங்கி விற்றவராகவும் இருக்கலாம்.

மினிமம் கட்டினால் என்ன நடக்கிறது

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான், ஆனால் சொந்தக் கணக்கை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. ஸ்டேட்மென்டில் நீங்கள் குறித்திருக்கும் வட்டி மாதம் 3.5 சதவீதம். 3,12,000-க்கு ஒரு மாத வட்டி 10,920. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 1,966. ஆக 12,886. நீங்கள் கட்டும் 15,600-இல் அசலுக்குப் போவது 2,714 மட்டும். அடுத்த மாதம் மினிமம் தொகை கொஞ்சம் குறையும், நீங்களும் குறைத்துக் கட்டுவீர்கள். இப்படியே நிலுவையில் 5 சதவீதம் மட்டும் கட்டிவந்தால், புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும், கடன் பாதியாகக் குறையவே ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். நிலுவை இருக்கும் கார்டில் வாங்கும் புதுப் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் எதுவும் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி. மினிமம் கட்டுவதால் தாமதக் கட்டணம் விழாது, சிபில் என்னும் கடன் வரலாற்றுப் பதிவில் தவறியவர் என்று வராது. அது தரும் பாதுகாப்பு அவ்வளவுதான்.

அடகு வைப்பது கேவலம் என்கிறீர்கள். உங்கள் நிலையில் அதுதான் மலிவான வழி. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுப் பாருங்கள்). 3,12,000-க்கு முதல் மாத வட்டி 2,600. இப்போது கார்டுக்குக் கட்டும் அதே 15,600-ஐ மாதாமாதம் இதற்குக் கட்டினால் 22 மாதத்தில் கடன் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். அதே தொகையைக் குறைக்காமல் கார்டுக்கே கட்டினால் 43 மாதத்துக்கு மேல். 12 பவுனையும் வைக்கத் தேவையில்லை. நகை மதிப்பில் சுமார் முக்கால் பங்கு கடன் தருவார்கள், தேவையானதை மட்டும் வையுங்கள்.

இதில் கவிழ்கிற இடம் இரண்டு. நகைக்கடனில் வருட முடிவில் மொத்தமாகக் கட்டும் வகை ஒன்று உண்டு. உங்களுக்கு அது ஆகாது. பன்னிரண்டாம் மாதம் கையில் பணம் இருக்காது, வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பீர்கள், தட்டுத்தடுமாறினால் ஏலம். மாதத் தவணை வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்றது இன்னும் பொதுவானது: நகைக்கடனில் கார்டைச் சுத்தமாக அடைத்த மறுமாதமே காலியான கார்டு கையில் உறுத்தும். எட்டு மாதத்தில் நகையும் வங்கியில் இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும். ஆகவே அடைத்த அன்றைக்கே ஒரு கார்டை மூடச் சொல்லி எழுதுங்கள். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்னொன்றின் வரம்பை 20,000-க்குக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் அதை மறுபடி உயர்த்த முடியாது.

நகையில் கை வைக்க மனமே இல்லையென்றால், நிலுவையைத் தவணையாக மாற்றித் தர கார்டு வங்கியையே கேட்கலாம். வட்டி நகைக்கடனைவிடக் கூடுதல், இப்போது கட்டுவதைவிடக் குறைவு. "பாதி கட்டுங்கள், முடித்துவிடுகிறோம்" என்று யாராவது செட்டில்மென்ட் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிபிலில் அது முழுதாக அடைத்த கணக்காக வராது. மகளின் கல்லூரிக் கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடப் போகும்போது அது எதிரில் வந்து நிற்கும்.

போகிற போக்கில் ஒரு சேலைச் சீட்டு பற்றியும் எழுதியிருக்கிறீர்கள்: மாதம் ஆயிரம், குலுக்கலில் பெயர் விழுந்தால் மீதித் தவணை கட்ட வேண்டாம். அது 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட பரிசுச் சீட்டு. கட்டியதைச் சேலையாகவோ பணமாகவோ வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கணவரிடம் சொல்ல வேண்டிய தொகை

மனைவியின் கார்டு கடனுக்குக் கணவர் பொறுப்பில்லை, எனவே இது என் பிரச்சினை மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக அது சரி. உங்கள் நகை உங்கள் சீதனம், அதை அடகு வைக்கவும் அவர் அனுமதி சட்டப்படி வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது கார்டு அவருடைய கணக்கில் எடுத்த ஆட்-ஆன் கார்டு என்று நீங்களே ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த 92,000-க்கு வங்கி கேட்கப்போவது உங்களை அல்ல, அவரை. ஒரு தவணை தவறினால் கெடுவது அவருடைய சிபில். தொழிலுக்கு அவர் ஓவர்டிராஃப்ட் புதுப்பிக்கப் போகும்போதுதான் விஷயம் அவருக்குத் தெரிய வரும். அந்தக் கார்டை மூடவும் அவர்தான் எழுத வேண்டும்.

முழுத் தொகையை ஒரே தடவையில் சொல்லுங்கள். இன்று ஒன்றரை, அடுத்த மாதம் இரண்டு என்று தவணையில் சொன்னால் கடைசியில் சொல்லும் உண்மையையும் அவர் நம்ப மாட்டார். இரண்டு ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொண்டு, மேலே உள்ள 22 மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி, மகள் நடன வகுப்புக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். அவர் கோபப்படுவார், அதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஏடிஎம் கார்டையும் போனையும் அவரிடம் ஒப்படைத்துவிடச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். சம்பாதிக்கிற ஒருவர் கைச்செலவுக்குக் கேட்டு நிற்கும் ஏற்பாடு நீடிக்காது; மறைப்பதுதான் இன்னும் சாமர்த்தியமாகும். அதற்குப் பதில், கடன் கணக்கை இருவரும் மாதம் ஒருமுறை சேர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு பத்து மணி லைவுக்கும் ஒரு வழி உண்டு. வங்கிச் செயலியில் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை நீங்களே அணைத்து வைக்கலாம். யுபிஐ-க்கும் தினசரி வரம்பைக் குறைக்கலாம். மறுபடி திறக்க ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் லைவில் "புக்டு" என்று யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்குத்தான் சேலை. அந்த ஒரு நிமிடம்தான் அங்கே நடக்கும் வியாபாரமே. அலுவலகத்துக்குப் பார்சல் வரவழைப்பது, தொகையைக் குறைத்துச் சொல்வது, பிரிக்காமலே அடுக்குவது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது வெறும் ரசனை விஷயமாகத் தெரியவில்லை. அணைத்து வைத்தும் திரும்பத் திரும்பத் திறக்கிறீர்கள் என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இது என் துறை தாண்டிய விஷயம், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இருப்பதை விற்பது

எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடை என்கிறார் கணவர். கணக்கு ஒத்துவராது. உடுத்திய பட்டுக்குச் சந்தையில் கிடைப்பது மிகக் குறைவு. பழைய பட்டு எடுப்பவர்கள் பார்ப்பது ஜரிகையிலுள்ள வெள்ளியை மட்டும். 'டெஸ்டட்' ஜரிகை என்றால் அதுவும் இல்லை. 25,000 கொடுத்து எடுத்ததை அப்படிக் கொடுப்பது நஷ்டத்தை உறுதிசெய்துகொள்வது. பிரிக்காத 14 சேலைகள் வேறு கணக்கு. ஃபால்ஸ் தைக்காமல், பில்லோடு, பட்டென்றால் சில்க் மார்க் சீட்டோடு இருப்பவற்றைத் தெரிந்தவர்களிடம் நேர் விலைக்குச் சற்றுக் குறைத்துக் கொடுக்கலாம். வரும் பணம் நேரே நகைக்கடனுக்குப் போகட்டும்.

மீதியைக் காப்பாற்றுங்கள். ஜரிகை உள்ள பட்டு ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் மடிப்பு ஓரத்தில் இற்றுவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை பிரித்து மடிப்பு மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை கூடாது, அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. பத்தமடைப் பாயைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் கோரை முறியும். 43 சேலைக்கு இதைச் செய்ய எத்தனை ஞாயிறு வேண்டும் என்று ஒருமுறை செய்து பாருங்கள்.

கலையை ஆதரிப்பது தவறா?

இல்லை. ஆனால் நீங்கள் ஆதரித்தது பெரும்பாலும் விற்பனைப் பக்கங்களை.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் வேறு வேறு நாடாவில் (குறுக்கிழை ஓட்டும் கருவி) ஓடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். நெய்பவரோடு பக்கத்தில் நாடா கொடுக்க இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பாவு இழைகளை ஒவ்வொன்றாக மாற்றி இணைக்கும் பேட்னி வேலை தனி. முந்தானை தொடங்குமிடத்தில் விரலை ஓட்டினால் ஒரு சிறு வரம்பு தட்டுப்படும், அதுதான் அந்த இணைப்பு. நாள் கணக்கில் உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்கு நெசவாளிக்குக் கிடைப்பது சேலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலி. கடையில் நீங்கள் 3,000 கூட்டிக் கொடுத்தால் அது தானாகக் கூலியில் ஏறாது. லைவில் 3,000 தள்ளுபடி என்றால் அது பல சமயம் அடுத்த சேலையின் கூலிப் பேச்சில் இறங்கும். மாதம் ஒன்றாக மலிவில் எடுத்த உங்கள் சேலைகளில் கோர்வையும் பேட்னியும் உள்ளவை எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். நீங்கள் இணைத்திருக்கும் படங்களில் பின்பக்கம் இழை வெட்டிய கரையும், இணைப்பே இல்லாத முந்தானையும் தெரிகின்றன. அவற்றில் சில விசைத்தறியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆதரவாக எடுத்த சேலை, கைத்தறிக்குப் போட்டியான சரக்கு!

நெசவாளிக்கும் ஓவியருக்கும் வேண்டியது ஆர்டர். நேரம் கொடுத்து, முன்பணம் கொடுத்து, சொன்ன தேதியில் மீதியைக் கொடுக்கிற ஒரே ஆர்டர் பத்து லைவ் சேலைக்குச் சமம். கடன் முடிந்த பிறகு, வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலை என்றால் காஞ்சிபுரத்தின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், அல்லது 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸில். வெண்கலம், தஞ்சாவூர்த் தட்டு என்றால் அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகாரில் விசாரியுங்கள். ஓவியம் என்றால் வரைபவரிடமே நேராகப் போங்கள். கோடு, மக்கு, ரேக்கு, வண்ணம் என்று நான்கு கட்டத்துக்கும் படம் அனுப்பச் சொல்லுங்கள். பில்லில் "22 காரட் தங்க ரேக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும். மழைக்கு ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள்.

அதுவரை 22 மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு கொட்டான்கூட. விதிவிலக்கு வைத்தால் மாதம் ஒன்று விதிவிலக்காகும், உங்களுக்கே தெரியும்.

கலையோடு இருக்க அதைச் சொந்தமாக்கிக்கொள்ளத் தேவையில்லை என்பதை மட்டும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் நிற்கிறார். எந்த வீட்டுக் கூடத்திலும் வைக்க முடியாதவர், நுழைவுச் சீட்டு விலையில் அரை நாள் பார்க்கலாம். மார்கழியில் சென்னைச் சபாக்களின் காலை, பிற்பகல் கச்சேரிகளில் பல இலவசம். பங்குனி, சித்திரையில் செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்தும் நடக்கும். தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை கிராமம் அந்தப் பக்கம்தான். ஒரு பாயை (உங்களிடம்தான் இருக்கிறதே) எடுத்துக்கொண்டு மகளோடு போய் உட்காருங்கள். மேடைக்குப் போய் ஆட்டக்காரர் கையில் கொடுக்கும் நூறு ரூபாய் இடையில் யாரிடமும் தங்காது. முட்டுக்காட்டில் தட்சிணசித்திராவில் கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், தாம்பரத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூரம்.

சலங்கை பூஜைப் பட்டு

புதிது வேண்டாம். நடன உடையே சேலையில் வெட்டித் தைப்பதுதான். உங்கள் அலமாரியிலிருந்து ஒன்றை எடுங்கள். இரு பக்கமும் நடுத்தரக் கரை உள்ளதாக, முந்தானை எதிர்நிறத்தில் உள்ளதாகப் பாருங்கள். நடுவிலுள்ள விசிறி மடிப்புக்கு அந்த முந்தானைதான் அழகு. கனத்த ஜரிகைச் சேலை ஆகாது, அரைமண்டியில் (முழங்காலை மடக்கி அரையாக அமர்ந்த நிலை) விசிறி விரியாமல் தொங்கும். மேடை விளக்கில் மங்கிவிடும் வெளிர் நிறங்களையும் தள்ளிவிடுங்கள். கத்திரி வைத்தபின் அது சேலையாகத் திரும்பாது, எனவே விற்கத் தகுந்த 14-இல் கை வைக்காமல், ஏற்கெனவே உடுத்தியவற்றில் உறுதியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மடிப்பு ஓரத்தைச் சன்னலுக்கு எதிரே பிடித்தால் இற்ற இடம் வெளிச்சத்தில் தெரியும், அப்படி இருந்தால் வேண்டாம். ஐப்பசியிலேயே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள், மார்கழி நெருங்கினால் அவர்களுக்கு நேரம் இருக்காது. வளரும் பெண் என்பதால் இடுப்பிலும் ரவிக்கையிலும் உள்தையலுக்கு இரண்டு அங்குலம் விடச் சொல்லுங்கள். இந்தத் தைக்குத் தைத்தது அடுத்த வருடமும் ஆகும்.